கோரல் ஆலையும் ‘மனம்போல வாழ்வு’ம்

சென்ற கோடையில் ஒரு நாள் பந்தல்குடிப் பேருந்து நிறுத்தத்தை அடுத்த தேநீர்க் கடையில் அரைமணி நேரம் காத்திருக்க நேர்ந்தது. பக்கத்துப் பெஞ்சில் இருவர் அமர்ந்திருந்தனர். மாமனும் மருமகனும். இருவருக்கும் ஒரே நூற்பாலையில், ஒரே முறைநேரத்தில் வேலை. அந்த மாதக் கூலிச் சீட்டில் இருவருக்கும் ஒரே தொகை பிடித்தம் செய்யப்பட்டிருந்தது. எதற்கென்று அலுவலகத்தில் எவரும் சொல்லவில்லை.

“போனாப் போகுது மாப்ள. வேல இருக்குல்ல, அது போதும்” என்றார் பெரியவர்.

“ஒரு ரூவா பிடிச்சாலும் எதுக்குன்னு சொல்லணும்ல மாமா” என்றான் இளைஞன்.

பெரியவர் என் பக்கம் திரும்பிச் சிரித்தார். “இவென் பொறந்ததுலருந்தே இப்பிடித்தான் அண்ணாச்சி. எதுலயும் குத்தம் பாக்குற சொபாவம்.”

ஊர் திரும்பிய பிறகும் அந்தச் சொல் என்னை விடவில்லை. சுபாவம். ஒரே சீட்டு, ஒரே தொகை, ஒரே மௌனம். ஒருவருக்கு அது அநியாயமாகப் படுகிறது, மற்றவருக்குப் படவில்லை. அப்படியானால் அநியாயம் இருப்பது சீட்டிலா, பார்ப்பவர் மனத்திலா?

பந்தல்குடி அமைந்திருக்கும் சாலையே இந்தக் கேள்விக்குப் பழைய சாட்சி என்பது பிறகுதான் உறைத்தது.

*

மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை, பந்தல்குடி, எட்டயபுரம் வழியாகத் தூத்துக்குடிக்குச் செல்லும் சாலை அது. இரு பக்கமும் கரிசல். மண்ணுக்கடியில் சுண்ணாம்புக்கல், மண்ணுக்கு மேல் கம்பும் சோளமும் பருத்தியும். வானம் பார்த்த இந்தப் பூமியில் பணப்பயிர் என்றால் பல தலைமுறைகளாகப் பருத்திதான். தென்கரிசலின் பருத்தி அந்நாளைய உலகச் சந்தையில் ‘தின்னவேலி’ என்ற பெயரிலேயே விலை போயிற்று.

அந்தப் பருத்தியைத் தேடி வந்தவர்கள் ஸ்காட்லாந்துக்காரர்களான ஹார்வி சகோதரர்கள். 1880களின் நடுவில் பாபநாசத்தில் அருவி நீரின் விசையைக் கொண்டு ஓர் ஆலையைத் தொடங்கினார்கள். அந்தப் பத்தாண்டின் இறுதியில் தூத்துக்குடியில் கோரல் ஆலை வந்தது, 1892இல் மதுரையில் ஓர் ஆலை. மூன்றும் பின்னாளில் மதுரா மில்ஸ் என்ற ஒரே நிறுவனமாயின. ஆக, நம் சாலையின் வடமுனையில் ஒரு ஹார்வி ஆலை, தென்முனையில் மற்றொன்று. இடையிலிருந்த சிற்றூர்களிலிருந்து பருத்தி போயிற்று, மழை பொய்த்த ஆண்டுகளில் ஆட்களும் போனார்கள்.

ஆலைக்குள் நுழைந்த கரிசல் மனிதர் இரண்டு புதிய விஷயங்களைச் சந்தித்தார். ஒன்று கடிகாரம். ஆலைகளில் வயதுவந்த ஆண்களின் வேலைநேரத்துக்கு இந்தியச் சட்டம் முதன்முதலாக ஒரு வரம்பு கட்டியதே 1911இல்தான். அந்த வரம்பும் நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரம்! மற்றொன்று, கண்ணுக்குத் தெரியாத கணக்கு. களத்துமேட்டில் கூலி மரக்காலால் அளக்கப்பட்டது. குறைவோ நிறைவோ, அளப்பதைக் கண்ணால் பார்க்கலாம், குறைந்தால் அங்கேயே வாய்திறக்கலாம். பருத்தி எடுத்த பெண்ணுக்கு எடுத்த பருத்தியிலேயே பங்கு பிரித்தால், அவள் கண்முன்னேதான் பிரித்தாக வேண்டும். பழைய கிராமம் நியாயமான இடமாக இருந்தது என்று நான் சொல்லவரவில்லை. யார் களத்தில் நிற்கலாம், யார் வெளியே நிற்க வேண்டும் என்பதைச் சாதியே தீர்மானித்த ஊர்கள் அவை. ஆனால் அளவு பார்வைக்குத் தெரிந்தது. ஆலையிலோ கூலி ஓர் அறைக்குள் கணக்கிடப்பட்டு ஒரு சாளரத்தின் வழியே வெளியே வந்தது.

*

1908 பிப்ரவரி 27 அன்று கோரல் ஆலையின் தொழிலாளர்கள் வேலைக்குச் செல்லவில்லை. அவர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். கூலி உயர்வு, வார விடுமுறை, பிற விடுப்பு வசதிகள் என்பவை கோரிக்கைகள். அதற்கு முந்தைய நாட்களில் அவர்களிடையே தொடர்ந்து பேசிவந்தவர்கள் இருவர். ஒருவர் ஓட்டப்பிடாரத்து வழக்கறிஞர் வ.உ. சிதம்பரம் பிள்ளை. 1906இல் சுதேசிக் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கியவர், அப்போது முப்பத்தைந்து வயது. மற்றவர் வத்தலக்குண்டில் பிறந்த சுப்பிரமணிய சிவா. அவருக்கு வயது இருபத்து மூன்று.

இருவரின் இயல்பும் வேறு வேறு. வ.உ.சி. கணக்கும் சட்டமும் அறிந்தவர், பங்குகளைத் திரட்டி நிறுவனம் கட்டத் தெரிந்தவர். சிவா துறவியைப் போலத் திரிந்தவர், மேடையில் தீ. ஒரே அநீதியைத்தான் இருவரும் கண்டார்கள், ஆனால் இருவேறு மனங்களால் கண்டார்கள் என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும்.

வேலைநிறுத்தம் ஒன்பது நாள் நீடித்தது. ஊர் தொழிலாளர் பக்கம் நின்றது. வ.உ.சி. நன்கொடை திரட்டினார், வேலையிழந்தவர்களுக்கு நகரத்தில் வேறு வேலைகள் தேடித்தந்தார். வேலைநிறுத்தத்தை ஏற்காத ஒருவருக்குச் சவரம் செய்ய நாவிதர் மறுத்துவிட்ட செய்தி அக்காலத்தைப் பற்றிய எழுத்துகளில் திரும்பத் திரும்ப வருகிறது. மார்ச் 6ஆம் தேதி நிர்வாகம் இணங்கியது. கூலி ஐம்பது விழுக்காடு உயர்ந்ததாகவும், வேலைநேரம் குறைக்கப்பட்டு ஞாயிறு விடுமுறை கிடைத்ததாகவும் வரலாற்றாசிரியர்கள் பதிந்திருக்கிறார்கள்.

அடுத்து நடந்தவை யாவரும் அறிந்தவை. மார்ச் 12இல் வ.உ.சி.யும் சிவாவும் கைதானார்கள். மறுநாள் திருநெல்வேலி பற்றியெரிந்தது, துப்பாக்கிச் சூட்டில் நால்வர் மாண்டனர். ஜூலையில் நீதிபதி பின்ஹே, வ.உ.சி.க்கு இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார். மேல்முறையீட்டில் அது குறைந்தது.

அரசின் பார்வை எளிமையானது. தொழிலாளர்கள் தம் போக்கில் வேலை செய்துகொண்டிருந்தார்கள், வெளியிலிருந்து வந்த இரண்டு கலகக்காரர்கள் அவர்கள் மனத்தைக் கெடுத்தார்கள். தேநீர்க் கடைப் பெரியவரின் சொல்லும் இதுவும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. குறை, கூலியில் இல்லை. குறை காண்பவனின் சுபாவத்தில், அல்லது அந்தச் சுபாவத்தைத் தூண்டிவிட்டவனின் நாவில் இருக்கிறது.

*

கதை இங்கே முடிந்திருந்தால் அரசின் பார்வை தவறு, தொழிலாளரின் பார்வை சரி என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால் வ.உ.சி. சிறையில் செய்த ஒரு காரியம் அப்படி நகரவிடாமல் தடுக்கிறது.

கோவைச் சிறையில் செக்கிழுத்த அந்த மனிதர், சிறைவாசத்தின்போது ஜேம்ஸ் ஆலன் என்ற ஆங்கிலேயரின் சிறுநூல் ஒன்றைத் தமிழாக்கினார். அதுதான் ‘மனம்போல வாழ்வு’. 1909இல் வெளிவந்தது. பின்னர் ஆலனின் வேறு நூல்களையும் ‘அகமே புறம்’, ‘வலிமைக்கு மார்க்கம்’, ‘சாந்திக்கு மார்க்கம்’ என்ற பெயர்களில் தந்தார். கடைசி நூல் வந்தது 1934இல். ஏறத்தாழக் கால் நூற்றாண்டுக் காலம் ஆலனை அவர் விடவில்லை.

ஆலன் சொல்வது என்ன? மனிதனின் சூழ்நிலை அவன் எண்ணங்களின் விளைவு. புறத்தைக் குறைசொல்லாதே, அகத்தைச் செப்பனிடு. தலைப்புகளே போதும். அந்த முதல் நூலில் ஓர் எடுத்துக்காட்டு வருகிறது. வறுமையில் உழலும் ஒருவன், கூலி போதவில்லை என்பதைக் காரணமாகக் காட்டி வேலையில் ஏய்க்கிறான். அந்த ஏய்ப்பே அவனை மேலும் வறுமைக்குள் தள்ளுகிறது என்கிறார் ஆலன். கூலி போதவில்லை என்று ஒரு முழு ஆலையையே நிறுத்திக்காட்டிய குற்றத்தின் நிழலில் சிறைப்பட்டவர், இந்த வரிகளைத் தம் கையால் தமிழில் எழுதுகிறார். அப்போது அவர் மனத்தில் என்ன ஓடியிருக்கும்?

அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்பவர்கள் உண்டு. சிறை அவரை உடைத்துவிட்டது, போராளி ஆன்மிகத்தில் ஒதுங்கிவிட்டார் என்று. எனக்கு அப்படித் தோன்றவில்லை. முதலில், ஆலனே முதலாளியின் ஆள் அல்லர். லெஸ்டர் நகரத்துப் பின்னலாடைத் தொழிலாளியின் மகன். அந்தத் தொழில் நொடித்தபோது வேலை தேடி அமெரிக்கா சென்ற தந்தை அங்கே இறந்துவிட, பதினைந்து வயதில் பள்ளியை விட்டு வேலைக்குப் போனவர். இரண்டாவதாக, மேற்சொன்ன எடுத்துக்காட்டுக்குச் சற்றுத் தள்ளி அதே நூலில் இன்னொன்றும் இருக்கிறது. விதித்த கூலியைத் தராமல் குறுக்கு வழிகளில் ஏய்த்து, கடைசியில் நொடித்துப்போகும் முதலாளியின் கதை. ஆலனின் தராசில் இரு தட்டுகளும் இருந்தன. பின்னாளில் அவரைப் பயன்படுத்தியவர்கள்தாம் ஒரு தட்டை மறைத்துவிட்டார்கள்.

*

வ.உ.சி. தம் சிறையறையில் எதிர்கொண்ட இந்தக் கேள்வியை ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் உளவியலாளர்கள் கையில் எடுத்தார்கள்.

1960களில் ஸ்டேசி ஆடம்ஸ் என்ற அமெரிக்கர் ஓர் எளிய கருத்தை முன்வைத்தார். மனிதன் தன் கூலியைத் தனியாக எடைபோடுவதில்லை. தான் இட்டதையும் பெற்றதையும், பிறர் இட்டதோடும் பெற்றதோடும் ஒப்பிடுகிறான். விகிதம் பிசகும்போது நியாயம் பிசகியதாக உணர்கிறான். இதன்படி கோரல் ஆலையைப் பார்த்தால் ஒன்று துலங்கும். ஆலை தொடங்கி ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆகியிருந்தன. கூலி திடீரென்று குறைந்துவிடவில்லை. மாறியது ஒப்பீடு. ஊர்க்காரர்களே கப்பல் விடலாம், வெள்ளைக்காரக் கம்பெனியோடு போட்டியிடலாம் என்பதைத் தூத்துக்குடி இரண்டாண்டுகளாகக் கண்டுகொண்டிருந்தது. தன்னை இன்னாரோடு ஒப்பிடலாம் என்ற துணிவை மேடைப்பேச்சுகள் தந்தன. பேச்சு அநியாயத்தை உண்டாக்கவில்லை, அதை அளக்க ஒரு மரக்காலைக் கொடுத்தது.

1987இல் ஹியூஸ்மன் முதலிய ஆய்வாளர்கள் ஆடம்ஸின் கருத்தைத் திருத்தினார்கள். எல்லோரும் ஒரே மாதிரி ஒப்பிடுவதில்லை. பெறுவதைவிடத் தருவதில் நிறைவு காண்போர் உண்டு. சரிக்குச் சரி வேண்டுவோர் உண்டு. எவ்வளவு பெற்றாலும் இன்னும் தமக்கு உரியது என்று கருதுவோரும் உண்டு. எளிதில் கலங்குகிற, கவலைப்படுகிற இயல்புள்ளவர்கள் பணியிடத்தை நியாயமற்றதாக மதிப்பிடுவது அதிகம் என்றும், இணங்கிப்போகிற இயல்புள்ளவர்கள் அதே இடத்தை நியாயமானதாகக் காண்பது அதிகம் என்றும் பின்வந்த ஆய்வுகள் காட்டின. பெரியவர் சொன்னது முழுப் பொய்யல்ல. சுபாவத்துக்கு அதில் பங்கு இருக்கிறது.

ஆனால் எவ்வளவு பங்கு? இங்கேதான் கோரல் ஆலை நமக்குப் பாடம் சொல்கிறது. சுபாவம் ஒரே இடத்திலிருக்கும் இருவருக்கிடையே உள்ள வேறுபாட்டை விளக்கும். மாமன் ஏன் பொறுக்கிறார், மருமகன் ஏன் பொறுக்கவில்லை என்பதை அது சொல்லும். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் ஒரே காலையில் ஏன் வேலைக்குப் போகவில்லை என்பதை அதனால் விளக்க முடியாது. அத்தனை பேருக்கும் பிப்ரவரி மாதத்தில் ஒன்றாகச் சுபாவம் மாறியிருக்காது. ஒன்பது நாள் கழித்து அவர்கள் திரும்பியபோதும் அவர்களில் பொறுமைசாலிகள் பொறுமைசாலிகளாகவும் முன்கோபிகள் முன்கோபிகளாகவுமே இருந்திருப்பார்கள். மாறியிருந்தது கூலி.

இன்னோர் ஆய்வையும் சொல்ல வேண்டும். 1990இல் ஜெரால்டு கிரீன்பெர்க் வெளியிட்டது. ஒரே நிறுவனத்தின் இரண்டு தொழிற்சாலைகளில் பத்து வாரங்களுக்கு ஊதியம் பதினைந்து விழுக்காடு குறைக்கப்பட்டது. ஒன்றில் தலைவரே வந்து ஒன்றரை மணி நேரம் காரணங்களை விளக்கி, வருத்தம் தெரிவித்து, கேள்விகளுக்குப் பதில் சொன்னார். மற்றதில் கால்மணி நேரத்தில் அறிவித்துவிட்டுப் போய்விட்டார்கள். குறைந்த கூலி ஒன்றேதான். ஆனால் பொருள்கள் களவுபோவது விளக்கம் தராத தொழிற்சாலையில் மிக அதிகமாக உயர்ந்தது. ஆலன் கண்ட, கூலியைக் காரணங்காட்டி ஏய்க்கும் தொழிலாளி நினைவுக்கு வருகிறான் அல்லவா? அவனை உருவாக்கியதில் அவன் எண்ணத்துக்குப் பங்கு இருக்கலாம். வாய்திறக்காத நிர்வாகத்துக்கும் பங்கு இருக்கிறது.

*

வ.உ.சி.யிடம் திரும்புவோம். சிறைக்குப் பின் அவர் என்ன செய்தார் என்பதில்தான் அவர் ஆலனை எப்படிப் படித்தார் என்பதற்கான விடை இருக்கிறது.

1912 டிசம்பரில் விடுதலையானார். கப்பல் நிறுவனம் அதற்குள் கலைக்கப்பட்டுவிட்டது. வழக்கறிஞர் உரிமமும் இல்லை. சென்னையில் வறுமையில் வாழ்ந்தார். தென்னாப்பிரிக்க இந்தியர்கள் அவருக்கென்று திரட்டிக் காந்தியிடம் கொடுத்திருந்த 347 ரூபாய் 12 அணா, அவர் கைக்கு வந்து சேர 1916 ஆகிவிட்டது. இதற்காக 1915இலிருந்து இருவரும் கடிதங்கள் எழுதிக்கொண்டார்கள். பிறருடைய கூலிக்காக ஓர் ஆலையையே நிறுத்தியவர், தமக்கு உரிய தொகையைக் கேட்கும்போது எவ்வளவு கூசி, எவ்வளவு பணிந்து எழுதினார் என்பதை அக்கடிதங்கள் காட்டுகின்றன.

உளவியலாளர் மன்ஃபிரெட் ஷ்மிட்டும் அவருடைய கூட்டாளிகளும் இந்த வேறுபாட்டுக்குப் பெயர் கொடுத்திருக்கிறார்கள். அநீதி தனக்கு நேரும்போது துடிப்பது ஒருவகை உணர்வு. பிறருக்கு நேர்வதைப் பார்த்துத் துடிப்பது வேறுவகை. முதல்வகை மிகுந்தவர்கள் எல்லாம் இரண்டாம்வகை மிகுந்தவர்கள் அல்லர். வ.உ.சி. இரண்டாம் வகையின் உச்சம் என்றே நினைக்கிறேன். கோரல் ஆலைத் தொழிலாளர்களிடமும் அது தொற்றிக்கொண்டிருந்தது. தலைவர்கள் கைதானதும், தங்கள் கோரிக்கைகள் நிறைவேறி ஒரு வாரம்கூட ஆகாத அவர்கள், மீண்டும் வேலைக்குப் போகவில்லை. இம்முறை கூலி ஒரு காசும் உயரப்போவதில்லை என்று அவர்களுக்குத் தெரியும். பம்பாய்த் தொழிலாளர்கள் திலகருக்காக ஆறு நாள் ஆலைகளை நிறுத்தியது அதற்குப் பின், ஜூலையில்தான். முதல் வேலைநிறுத்தத்தைச் சுபாவத்தால் விளக்க முயல்பவர்கள் இரண்டாவதை எதனால் விளக்குவார்கள்?

விடுதலைக்குப் பின் சென்னையில் வ.உ.சி. தொழிலாளர் இயக்கத்தோடு தொடர்பு கொண்டிருந்தார். 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றிய காலம் அது. ‘மனம்போல வாழ்வு’ வெளிவந்து ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்த நூலைக் காட்டி, ‘உங்கள் எண்ணத்தைத் திருத்துங்கள், கூலி தானே உயரும்’ என்று அவர் தொழிலாளர்களிடம் சொல்லித் திரியவில்லை. சிறைவாசத்தின் விளைவாகப் பிறந்து 1914இல் வெளிவந்த அவருடைய அறநூலான ‘மெய்யற’த்தின் அமைப்பைப் பார்த்தாலும் இது விளங்கும். மாணவரியல், இல்வாழ்வியல், அந்தணவியல், மெய்யியல் ஆகியவற்றோடு அரசியல் என்றும் ஓர் இயல் வைத்தார். தனிமனிதன் தன்னைத் திருத்திக்கொண்டால் போதும் என்று நினைத்தவருக்கு அந்த இயல் தேவைப்பட்டிராது.

இன்னொரு செய்தி. அவர் இழந்த வழக்கறிஞர் உரிமம் பின்னாளில் திரும்பக் கிடைக்க உதவியவர் வாலஸ் என்ற ஆங்கிலேய நீதிபதி. அந்த நன்றியை மறவாமல் தம் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார் வ.உ.சி. ஆங்கில ஆட்சியால் எல்லாவற்றையும் இழந்தவர், அதே ஆட்சியின் ஓர் அதிகாரி முறைப்படி நடந்துகொண்டபோது அதையும் கண்டு மதித்தார். எதிலும் குற்றம் காணும் சுபாவம் உடையவர் செய்யக்கூடியதா இது? அநியாயத்தைக் கூர்மையாகக் காணும் கண் நியாயத்தையும் அதே கூர்மையோடு காணும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

ஆக, வ.உ.சி. ஆலனைத் தமக்காகப் படித்தார். செக்கின் முன் நிற்கும் ஒரு மனிதன், தன் மனம் கசந்துபோகாமல் காத்துக்கொள்வதற்காகப் படித்தார். அகத்தைச் செப்பனிடு என்பது தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும்போது தவம். அதையே கூலி கேட்டு வருபவனிடம் சொன்னால் தந்திரம். சொற்கள் ஒன்றே, யார் யாரிடம் சொல்வது என்பதில் அறம் இருக்கிறது.

இன்றைய அலுவலகங்கள் பலவற்றில் மனநலப் பயிற்சி வகுப்புகள் நடக்கின்றன. நேர்மறையாகச் சிந்திக்கச் சொல்லித்தருகிறார்கள். அவை தேவையில்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் ஊதியக் கணக்கை விளக்க வேண்டிய இடத்தில் அவை வந்து அமரும்போது, 1908இன் பழைய குரல் புதிய உடையில் பேசுவதாகவே கேட்கிறது.

பந்தல்குடித் தேநீர்க் கடையில் அன்று அருப்புக்கோட்டைப் பேருந்து வந்ததும் நான் எழுந்துவிட்டேன். ஏறும் முன் பெரியவரைப் பார்த்து, “எதுக்காகப் பிடிச்சாங்கன்னு உங்களுக்குத் தெரிஞ்சுக்க வேண்டாமா?” என்று கேட்டேன். அவர் உடனே பதில் சொல்லவில்லை. மருமகன் கையிலிருந்த சீட்டை வாங்கி, கண்ணுக்கு அருகே வைத்துப் பார்த்தார்.

“தெரிஞ்சா நல்லதுதான் அண்ணாச்சி. கேக்குறதுக்குத்தான் நமக்கு வாய் வராது.”